வல்லாரைக்கு முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ரங்கூன் தாம்வேயில் எங்கள் தெருமுனைக் காலைச் சந்தையில் வல்லாரை ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. மூங்கில் நாரால் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, ஈரச் சாக்கின்மேல் அடுக்கி வைத்திருப்பார்கள், விலையும் மலிவு, ஒரு கட்டு வாங்கினால் எங்கள் நாலு பேருக்கு ஒரு வேளைக்குக் காணும். அப்படியிருக்க இதை எதற்கு வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும் என்று என் ஓரகத்தியே கேட்டாள். ரங்கூனில் கொஞ்சம் முற்றமோ மாடியோ இருக்கிற யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். பணம் மிச்சம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. தண்ணீர்தான் காரணம்.

வல்லாரை ஈரத்தில் படரும் கொடி. வயல் வரப்பு, குளத்தங்கரை, வாய்க்கால் ஓரம், சாக்கடை ஓரம் எல்லாமே அதற்கு ஒன்றுதான், ஈரம் இருந்தால் போதும், பரவிவிடும். நிற்கிற மண்ணிலும் தண்ணீரிலும் என்ன கலந்திருக்கிறதோ, ஈயம் மாதிரியான உலோகம் உட்பட, அதையெல்லாம் உறிஞ்சி வேரிலும் இலையிலும் வைத்துக்கொள்ளும். நாம் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் மண்ணும் அழுக்கும் போகும், உள்ளே ஏறியது போகாது. சந்தையில் கட்டைப் பார்த்து இது வயலில் பறித்ததா, ரயில் பாதைக்குப் பக்கத்துக் கால்வாயில் பறித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. விற்கிற அம்மாவுக்கே பல சமயம் தெரியாது.

இது எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. நான் முதல்முதலில் வல்லாரை வைத்தது சமையலறைக் கழிவுநீர் வெளியே வருகிற குழாய்க்குப் பக்கத்தில். அங்கேதான் எப்போதும் ஈரம், தனியாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை, ரொம்பப் புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைப்பு. ஒன்றரை மாதத்தில் இலை ஒவ்வொன்றும் டீ டம்ளர் வாய் அகலத்துக்கு வந்துவிட்டது, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒரு இலையைக் கிள்ளித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் இடுப்பில் கை வைத்துக் குனிந்து அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். “ஏண்டி, மூணு வீட்டுச் சோப்புத் தண்ணி குடிச்ச கீரையையா புள்ளைகளுக்குக் குடுக்கப் போற?” அவ்வளவுதான் கேட்டார். அன்று சாயங்காலமே முழுவதையும் பிடுங்கிப் போட்டேன்.

சரி, முதலிலிருந்து வருவோம். வல்லாரை கொத்தமல்லி, கேரட் குடும்பத்தைச் சேர்ந்த செடி, தாவரவியல் பெயர் சென்டெல்லா ஆசியாட்டிகா. செடி என்று சொன்னாலும் நிமிர்ந்து வளராது. தரையோடு தரையாக ஒரு மெல்லிய கொடி ஓடும், ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர் விடும், மேலே நீளமான காம்போடு இலைகள் கொத்தாக எழும்பும், அங்கிருந்து அடுத்த கொடி ஓடும். பர்மியர்கள் இதை ‘மியின் க்வா யுவெட்’ என்பார்கள். மியின் குதிரை, க்வா குளம்பு, யுவெட் இலை. இலையைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு சரி என்று தெரியும். சமஸ்கிருதத்தில் இதற்கு மண்டூகபர்ணி என்று பெயர், அதாவது தவளை இலை. குதிரையோ தவளையோ, ஈரத்தில் பதிந்த தடம் மாதிரி இருக்கும் என்பது மட்டும் உண்மை. நம் ஆட்கள் சரஸ்வதிக் கீரை என்றும் சொல்வார்கள், அந்தப் பெயரைப் பற்றிப் பின்னால் வருகிறேன். இலங்கையில் கொட்டுக்கொலா, மலேசியாவில் பெகாகா. தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இதைத் தின்னாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தடுக்கி விழுவது அடையாளத்தில்தான். நானும் விழுந்தேன். சாக்கடைச் சம்பவத்துக்குப் பிறகு, நல்ல செடியாகவே வாங்கிவிடலாம் என்று செடி விற்பவர் ஒருவரிடம் வல்லாரை கேட்டேன். அவர் கொடுத்த தொட்டியில் பளபளவென்று, எண்ணெய் தடவியது போல வட்ட இலைகள், பார்க்க ரொம்ப அழகு. அது மீன் தொட்டியிலும் குளத்திலும் அழகுக்கு வைக்கிற வேறு செடி. வித்தியாசம் ரொம்பச் சுலபம்: இலையைக் கவிழ்த்துப் பாருங்கள். காம்பு இலையின் நடுவில், குடைக்குக் கம்பி போல வந்து சேர்ந்தால் அது வல்லாரை இல்லை. வல்லாரையில் வட்டம் ஓரிடத்தில் பிளந்திருக்கும், அந்தப் பிளவின் அடியில்தான் காம்பு வந்து சேரும், அங்கிருந்தே நரம்புகள் விசிறி போல விரியும். ஓரம் வழவழவென்று இருக்காது, சின்னச் சின்ன அலையாக, முறுக்கு அச்சில் வெட்டியது போல இருக்கும். கசக்கி முகர்ந்தால் கொத்தமல்லி வேரின் வாசனை லேசாக வரும். பூ என்று ஒன்று இலைக்கு அடியில் மண்ணோடு ஒட்டி, வெளிர்சிவப்பில், அரிசி நொய் அளவுக்குத்தான் இருக்கும், பல பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள். மஞ்சள் பூ பூத்தால் அது எலிக்காதிலையாக இருக்கலாம், அதுவும் தரையில் படர்கிற, இதே சாயலுள்ள இலைதான், ஆனால் வேறு செடி.

இன்னொரு குழப்பம் பெயரில். வட இந்தியாவிலிருந்து வரும் புட்டிகளில் ‘பிராமி’ என்று போட்டிருக்கும். சில புட்டியில் அது வல்லாரை, சில புட்டியில் நீர்ப்பிரமி. நீர்ப்பிரமிக்கு இலை தடித்து, நீளவாக்கில், விரல் நகத்தைவிடச் சின்னதாக இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். பொடியாக்கிப் புட்டியில் போட்டுவிட்டால் யாராலும் முடியாது. வீட்டில் வளர்ப்பதில் இன்னொரு நன்மை இது, எந்த இலையைத் தின்கிறோம் என்று கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

இனி தொட்டி. வல்லாரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். வேர் மேலாகத்தான் போகும், ஒரு சாண் ஆழம் தாராளம். சமையல் எண்ணெய் வருகிற பிளாஸ்டிக் கேனைப் படுக்க வைத்து மேல் பக்கத்தை அறுத்துவிட்டால் அருமையான தொட்டி. சந்தையில் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியும் ஆகும், ஆனால் உப்பும் வாடையும் போகிற வரைக்கும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் தெருப்பூனைகள் எல்லாம் உங்கள் வீட்டில்தான். பெயின்ட், பூச்சிமருந்து வந்த டப்பாக்களைத் தொடவே வேண்டாம், இந்தச் செடிக்கு எதையும் உறிஞ்சுகிற குணம் என்று மேலேயே சொன்னேன். அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். ஈரம் பிடிக்கும் என்பதற்காக ஓட்டை இல்லாமல் விட்டால் மண் புளித்து நாறும், வேர் அழுகும்.

எங்கள் பக்கத்து மண் களி. மழையில் பிசின், வெயிலில் செங்கல். அதனால் மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கின சாணம் ஒரு பங்கு, கருக்கின உமி ஒரு பங்கு என்று கலக்கிறேன். உமிக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. ஒரு தெர்மாகோல் பெட்டிக்கு மக்கின சாணம் இரண்டு வீசை போதும். (வெளியூர்க்காரர்களுக்காக: ஒரு வீசை இங்கே சுமார் 1.63 கிலோ. தமிழ்நாட்டில் வீசையை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நாங்கள் இன்னும் அதில்தான் வெங்காயம் வாங்குகிறோம்.) சாணம் பச்சையாக இருக்கக் கூடாது, இந்த இலையைப் பச்சையாகவும் தின்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். மண்ணையும் பெரிய சாலை ஓரத்திலிருந்து அள்ளி வராதீர்கள்.

விதை வாங்கவே வேண்டாம், முளைக்க நாளாகும், பாதி முளைக்காது. யாராவது வைத்திருந்தால் வேரோடு நாலு கொடி கேட்டு வாங்குங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், பெருகுகிற செடி. இல்லையா, சந்தைக் கட்டிலேயே பாருங்கள், பறிக்கிறவர்கள் அவசரத்தில் வேரோடு பிடுங்கிய கொடி இரண்டாவது கிடைக்கும். அதைக் கழுவி, பழைய இலைகளை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, கணு மண்ணில் படும்படி கிடத்தி, மேலே ஒரு சின்னக் கல்லை வைத்து அழுத்திவிடுங்கள். ஒரு சாணுக்கு ஒரு கொடி போதும். முதல் ஒரு வாரம் பத்து நாள் நிழலில் இருக்கட்டும். புது இலை சுருண்டு, பச்சைப் பட்டாணி போல மேலே வரும், இரண்டாம் வாரம் விரியும். விரியவில்லை என்றால் கணு மண்ணில் தொடவில்லை என்று அர்த்தம், கல்லை எடுத்துப் பாருங்கள்.

வெயில் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் நிழல், இதுதான் அதற்குப் பிடித்தது. முழு நிழலில் காம்பு நீண்டு இலை பெரிதாகி மெலிந்துபோகும், முழு வெயிலில் இலை சின்னதாகி, தடித்து, கசப்பு ஏறும். எந்த இலை மருந்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் ஒரு சண்டையே நடக்கும், நான் அதில் சேருவதில்லை. தின்ன முடிகிற இலைதான் நல்ல இலை.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் கறார். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றலாம், உப்புப் போடாதது, அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், புளிச்ச வாடை வரும். துணி துவைத்தது, பாத்திரம் கழுவினது கூடவே கூடாது. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தால் இலை ஓரம் கருகும், அப்படிப்பட்ட இடத்தில் மழைத்தண்ணீரைப் பிடித்து வைப்பதே மேல், ஆனால் மழைக்காலத்தின் முதல் சில மழையை விட்டுவிடுங்கள், கூரையில் ஆறு மாதப் புறா எச்சம் இருக்கிறது. டீத்தூளை எரு என்று போடச் சொல்வார்கள். நானும் போட்டேன், ஆனால் நான் போட்டது காய்ச்சின லப்பெட்-யே, அதாவது டின் பால் ஊற்றின நம்ம ஊர் டீயின் சக்கை. அடுத்த நாள் காலையில் தொட்டியில் மண் தெரியவில்லை, செவ்வெறும்பு. டீத்தூள் போடுவதென்றால் பால், சர்க்கரை படாததைக் கழுவிப் போடுங்கள்.

ரங்கூனில் வருடத்தை வல்லாரை இரண்டாகப் பிரிக்கும். மே நடுவில் தொடங்குகிற மழை அக்டோபர் வரைக்கும் நிற்காது, வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர் இது. ஆனால் மார்ச், ஏப்ரலில் வானம் கல் மாதிரி இருக்கும். திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில் ஊரே ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும், என் வல்லாரை மட்டும் நாக்கு வறண்டு கிடக்கும். அப்போது தொட்டியைச் சுவர் நிழலுக்கு நகர்த்தி, காலை மாலை இரண்டு வேளை ஊற்றி, மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பிவிடுவேன். இலை சுருங்கினாலும் பயப்பட வேண்டாம், கொடியில் உயிர் இருக்கும், முதல் மழை விழுந்த பத்தாம் நாள் பாருங்கள்.

மழைக்காலத்தின் தொந்தரவு வேறு. நத்தையும், ஓடில்லாத அந்த வழுவழு நத்தையும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள், இரவு டார்ச்சோடு போய்ப் பொறுக்கிப் போடுங்கள், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. சாம்பல் தூவினால் ஒரு மழைக்குத்தான் நிற்கும், உப்புத் தூவினால் நத்தையோடு செடியும் போகும். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு பொறுக்குங்கள், இதை நான் அருவருப்புக்காகச் சொல்லவில்லை. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள் இருக்கும், நத்தையின் துண்டு ஒட்டிய இலையை மனிதன் பச்சையாகத் தின்றால் அது மூளைவரை போய்ப் படுத்தும். தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிற வியாதிதான். ஆடு மாடு மேய்கிற குட்டை ஓரத்தில் பறித்த கீரையைப் பச்சையாகத் தின்றால் ஈரல் புழு வரலாம், அது தனிக் கதை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: ஜூன் முதல் அக்டோபர் வரை வல்லாரை அடுப்பில் ஏறித்தான் தட்டுக்கு வரும், பனிக்காலத்தில், நத்தை இல்லாத தொட்டியில் பறித்தால் மட்டும் பச்சையாக.

நட்டு இரண்டரை, மூன்று மாதத்தில் பறிக்கலாம். கொடியை இழுக்காமல், இலையைக் காம்போடு கத்தரியால் வெட்டுங்கள், ஒவ்வொரு கொத்திலும் இரண்டு இலையாவது விட்டு வையுங்கள். ஒரு வருடம் ஆனால் தொட்டியின் நடு மெலிந்து, ஓரம் மட்டும் பொங்கி வழியும், அப்போது பிடுங்கிப் பிரித்துப் புது மண்ணில் போட வேண்டும்.

இனிமேல்தான் சாப்பாடு. பக்கத்து வீட்டு அமா (பர்மிய மொழியில் அக்கா) செய்வது தௌக், அதாவது பர்மியச் சாலட். அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருட்டி, புகையிலை நறுக்குவதுபோல மெல்லிசாக நறுக்குவார். வெங்காயம் அதே மெலிதில், தண்ணீரில் ஒரு தடவை அலசினது. மேலே வறுத்த கடலை மாவு ஒரு கரண்டி, இடித்த வேர்க்கடலை, உலர்ந்த இறால் பொடி, பச்சை மிளகாய், வெங்காயம் பொரித்த எண்ணெய், அந்தப் பொரித்த வெங்காயமும், மீன் சாறு, எலுமிச்சை. பிறகு கையால், கரண்டி கிடையாது, ஐந்து விரலாலும் பிசறுவார். தௌக் என்றாலே கையால் பிசறுவதுதான். வல்லாரையின் துவர்ப்பைக் கடலை மாவு இழுத்துக்கொள்ளும், கசப்பு நாக்கின் கடைசியில் மட்டும் நிற்கும். வெள்ளிக்கிழமை எங்களுக்கென்று மீன் சாறும் இறாலும் போடாமல் உப்பு மட்டும் போட்டுத் தனியாக ஒரு தட்டு கொடுத்தனுப்புவார். சென்னையில் பர்மா பஜார் பக்கம் ‘அத்தோ’ என்று விற்கிறார்களே, இங்கிருந்து போன நம் ஜனங்கள் கொண்டுபோனது, அதுவும் இந்த ‘அ-தௌக்’தான், அங்கே நூடுல்ஸில் நின்றுவிட்டது. வல்லாரைத் தௌக் அங்கே போகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நம் வீட்டில் துவையல். நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு சிவந்ததும் வரமிளகாய் நாலு, அதை எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் இரண்டு கைப்பிடி இலை. இலை சட்டென்று ஒரு ஸ்பூன் அளவுக்குச் சுருங்கிவிடும், இவ்வளவுதானா என்று மனசு விட்டுப்போகும், அப்படித்தான். தேங்காய் கொஞ்சம் தாராளமாக வைத்து உப்போடு அரைக்க வேண்டியது. கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து மிக்ஸி, இல்லாவிட்டால் அம்மி, அம்மியில் அரைத்ததற்குத்தான் ருசி என்று சொல்வதற்குக் கரண்ட் போவது ஒரு நல்ல சாக்கு. புளி சேர்த்தால் வல்லாரையின் குணம் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பெரியம்மாவும் சொல்வார். நான் ஒரு சுண்டைக்காய் அளவு சேர்க்கிறேன். சேர்க்காமல் பிள்ளைகள் தொடவில்லை, தொடாத துவையலில் குணம் இருந்து என்ன. பாசிப்பருப்புக் கூட்டு, தோசை மாவில் அரைத்து ஊற்றுவது, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எவ்வளவு? வாரத்துக்கு இரண்டு நாள், ஆளுக்கு ஒரு கைப்பிடி, கீரை சாப்பிடுவது போல. இதை முதலில் கீரையாகப் பாருங்கள், அப்புறம் மருந்து.

இப்போது சரஸ்வதிக் கீரைக்கு வருகிறேன். வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே என்று பழமொழி. இங்கே பெரிய பரீட்சை மார்ச் மாதம், அதனால் பிப்ரவரியில் எங்கள் தெருவில் இருக்கும் அம்மாக்கள் எல்லோரும் என் தொட்டியை எட்டிப்பார்ப்பார்கள். நான் இல்லை என்று சொல்வதில்லை, ஆனால் உண்மையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தனுப்புவேன். நினைவாற்றலுக்கு வல்லாரை உதவுமா என்று மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் பல உண்டு, பெரும்பாலும் சின்ன ஆய்வுகள். அவற்றைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வந்த ஒரு மதிப்பாய்வு, நினைவாற்றல் கூடுகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது, மனசு கொஞ்சம் தெளிவாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்க உதவலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஒரு மாதம் துவையல் சாப்பிட்டால் கணக்கு வந்துவிடாது. என் மகன் நாலு வருடம் சாப்பிட்டான், கணக்கு வரவில்லை, வல்லாரையைப் பார்த்தால் ஓடுவது மட்டும் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், பெயர் வாங்கியது மூளைக்கு, ஆதாரம் கொஞ்சம் பலமாக இருப்பது தோலுக்கு. இலையில் இருக்கிற ஏசியாட்டிகோசைட் என்ற பொருளை 1940களில் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள், காயம் ஆறுவதற்கான களிம்பு அதிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட மருத்துவத் தாவரத் தொகுப்பின் முதல் பாகத்திலும் வல்லாரை இருக்கிறது, அங்கேயும் புண், தீக்காயம், தழும்பு இவற்றுக்குத்தான் முக்கிய இடம். என் தங்கை மகள் கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து, ‘சிக்கா’ என்று போட்ட க்ரீம் ஒன்றைச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கி வந்தாள். டப்பாவின்மேல் இலைப் படம். தொட்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நம்பவில்லை. அப்புறம் தனக்கா மரப்பட்டையைக் கல்லில் உரைத்துப் பூசிக்கொண்டு, அதன்மேல் இந்த க்ரீமா, க்ரீமின்மேல் தனக்காவா என்று என்னிடம் கேட்கிறாள், எனக்கென்ன தெரியும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இலையைக் கசக்கி வெட்டுக்காயத்தில் வைத்துக் கட்டாதீர்கள். களிம்பில் இருப்பது சுத்தமாகப் பிரித்தெடுத்த பொருள், உங்கள் இலையில் சாண மண்ணும் சேர்ந்திருக்கிறது, திறந்த புண்ணில் மண் பட்டால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலருக்கு இலைச்சாறு தோலில் பட்டாலே அரிப்பும் தடிப்பும் வரும்.

கீரை அளவில் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய பயம் இல்லை. பயம் பொடியிலும் மாத்திரையிலும், மாதக்கணக்கில் தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு குடிக்கிறவர்களிடத்திலும். வல்லாரை மாத்திரை சில வாரங்கள் எடுத்த மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலையோடு ஈரல் பாதிக்கப்பட்டதாக 2005இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது, நிறுத்தினதும் தேறினார்கள். அதனால் ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் (இந்த இலைக்கும் லேசாகத் தூக்கம் வரவைக்கும் குணம் உண்டு) டாக்டரைக் கேட்காமல் மருந்தாக எடுக்க வேண்டாம். நாட்டு மருத்துவரையே கேட்க ஆசைப்பட்டால், படித்தவராகப் பார்த்துக் கேளுங்கள், மாண்டலேயில் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே 2001இலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். சந்தையில் டப்பா அடுக்கி மைக் வைத்துப் பேசுகிறவரை நான் சொல்லவில்லை.

கொடி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் அனுப்புகிற முறை இது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வேரோடு ஆறு கொடி எடுத்து, பெரிய இலைகளை வெட்டிவிட்டு, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் வாழை இலையில் பொட்டலம் கட்டி, பிளாஸ்டிக் பையில் இரண்டு ஓட்டை போட்டு வைத்தால் இரண்டு நாள் தாங்கும். போன மாதம் மோல்மேனுக்கு இரவு பஸ்ஸில் இப்படித்தான் போனது. அண்ணிக்குக் காலையில் பொட்டலம் கிடைத்தது, மத்தியானமே போன் வந்தது: “நட்டுட்டேன், சாக்கடைப் பக்கம்தான் எப்பவும் ஈரமா இருக்கு, அங்கதான்.” பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.